பெயரும் பதிவேடும்: திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கோணேஸ்வரன், கோணேசபிள்ளை, கோணாமலை, மாதுமை முதலிய பெயர்கள் திருகோணமலைப் பிரதேசத்தில் மக்கட்பெயர்களாக வழங்குவன. முதல் மூன்றும் ஊரையும் ஊர்க் கோயிலையும் அடியாகக் கொண்டு பிறந்தவை. இறுதியது அக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் அம்பாளின் பெயர். இவற்றுள் ஒன்றைத் தாங்கிய ஒருவர் கொழும்பிலோ இலண்டனிலோ தம்மை அறிமுகஞ் செய்துகொள்ளுங்கால் இருமுறை திருத்தஞ் சொல்ல வேண்டியவராகிறார். முதலில் தமது பெயரைத் திருத்துகிறார். அடுத்துத் தமது ஊரின் பெயரைத் திருத்துகிறார். சில வேளைகளில் இரண்டையும் திருத்தாது விட்டுவிடுகிறார். பிறர் வாயிற் சிதைந்த வடிவத்தையே தாமும் சொல்லப் பழகிக்கொள்கிறார். 'திரிங்கோ' என்று கூறினாற்றான் கேட்பவர்க்கு விளங்கும் என்பதை அனுபவம் அவருக்குக் கற்பித்திருக்கிறது.

இவ்வாறு பெயர் பிழைபடுதலை விளக்குவோர் பெரும்பாலும் செவியையும் நாவையுமே காரணமாகக் காட்டுவர். அந்நியனுக்கு ணகரம் ஒலிக்க வராது, ழகரம் கேட்காது என்பர். இவ்விளக்கம் உண்மையானதே, ஆயினும் முழுமையானதன்று. தவறாகக் கேட்டல் எல்லா மக்களுக்கும் பொதுவானது. தமிழர் அந்நியர் பெயர்களைக் கேட்ட முறையும் அத்துணைச் செப்பமானதன்று. அவ்வாறாயின், இரு சாராரும் தவறாகக் கேட்கும் ஒரு துறைமுகத்தில் ஒரு சாராரின் தவறு மட்டும் தேசப்படத்திலும் சட்டத்திலும் நிலைபெற்றது எவ்வாறு என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு ஒலியியலில் விடை இல்லை. யார் கையில் பதிவேடு இருந்தது என்பதிலேயே விடையைத் தேடவேண்டியுள்ளது.

முதலில் பெயரின் பழைய வடிவங்களை நோக்குவோம். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தரின் பதிகம் இத்தலத்தைக் கோணமாமலை எனக் குறிக்கின்றது. பாளி நூலாகிய மகாவம்சம், மகாசேன மன்னனின் செயல்களைக் கூறுமிடத்துக் கோகண்ண என்னும் பெயரைத் தருகின்றது. அங்கிருந்த தேவாலயத்தை அழித்து அம்மன்னன் விகாரை அமைத்தான் என்பது அந்நூலின் கூற்று. சோழர் காலத்தை ஒட்டியதாகக் கொள்ளப்படும் நிலாவெளித் தமிழ்க் கல்வெட்டு, திருகோணமலையில் உள்ள மச்சகேச்சுரத்து மகாதேவர்க்கு 250 வேலி நிலம் நிவந்தமாக விடப்பட்டதைப் பதிவு செய்கின்றது. பிரட்றிக் கோட்டையிற் கிடைத்த, கிரந்த எழுத்திலமைந்த வடமொழிச் சாசனம் ஒன்று சக ஆண்டு 1145ஐ, அதாவது கி.பி. 1223ஐக் குறிப்பிட்டு, சோடகங்கன் என்பானையும் கோகர்ணம் என்னும் இடத்தையும் பேசுகின்றது. ஆகவே ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்விடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வழங்கின என்பது தெளிவு. கோகர்ணம் என்பதோ கோணமலை என்பதோ மற்றதைப் பொய்யாக்குவதில்லை. வெவ்வேறு மொழியினரும் வெவ்வேறு வழிபாட்டினரும் ஒரே குன்றை நோக்கி வந்தமைக்கு அவை சான்றாகின்றன.

தமிழுக்குள்ளேயே பெயர் ஒரு நிலையில் நிற்கவில்லை. புணர்ச்சி விதியைப் பேணுவோர் ககர ஒற்று மிகவேண்டுமென்று திருக்கோணமலை என எழுதுவர். அரச ஆவணங்களிலும் பத்திரிகைகளிலும் திருகோணமலை என்பதே பெருவழக்கு. வடமொழிச் சார்புடையோர் திரிகோணமலை என எழுதி முக்கோண வடிவான மலை எனப் பொருள் கூறியதுமுண்டு. ஊர்மக்களோ திருமலை என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தம் அலுவலைப் பார்க்கின்றனர். தமிழ்நாட்டார் ஒருவர் அதைக் கேட்டுத் திருப்பதியை நினைத்துக்கொள்ளக்கூடும். அது வேறு விடயம். தேவாரத்தில் 'திரு' என்னும் அடையின்றிக் கோணமாமலை என்றே வருதலால், 'திரு' என்பது பின்னர்ச் சேர்ந்த சிறப்படை என்றும், மூன்றைக் குறிக்கும் 'திரி' அன்றென்றும் கொள்ளுதல் பொருந்தும். முக்கோண விளக்கத்துக்கு வலுவூட்டியதில் ஐரோப்பியரின் எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு பங்குண்டு எனக் கருத இடமிருக்கிறது. 'திரு' அவர்கள் எழுத்தில் 'திரி' என மாறியபின், அதற்கேற்ற பொருளைத் தேடுதல் எளிதாயிற்று.

போர்த்துக்கேயர் 1620களின் முற்பகுதியில் கொன்ஸ்தந்தீனு டி சாவின் தலைமையிற் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை அமைத்தனர். அவர்களுடைய எழுத்துகளில் ஊர்ப்பெயர் 'திரிக்கினிமலே' என்றும் 'திரிக்கிலிமலே' என்றும் வருகின்றது. 1639இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் ஆவணங்களில் 'திரின்கொனொமாலெ' என எழுதினர். 1795இல் வந்து நிலைத்த ஆங்கிலேயர் 'திரின்கொமலீ' என முடித்தனர். இம்மாற்றங்களை வரிசையாக வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். 'திரு' என்பதன் இறுதி உகரம் அழுத்தமின்றி ஒலிப்பதால் ஐரோப்பியச் செவிக்கு அது விழவில்லை. அடுத்து, 'கோண' என்பதிலுள்ள ணகரத்தின் மூக்கொலி தன் இடத்துக்கு முன்னரே ஒலிக்கத் தொடங்கி, ககரத்துக்கு முன்னும் ஒரு மெல்லினத்தைத் தோற்றுவித்தது. ஒல்லாந்தர் வடிவில் இரு மெல்லினங்களும் அருகருகே நிற்கின்றன: ஒன்று பழையது, மற்றது புதிதாகப் புகுந்தது. ஆங்கில வடிவில் ஓரசை குறைந்தபோது வீழ்ந்தது பழையதே. இன்று ஆங்கிலத்தில் அவ்வூரைச் சொல்லுங்கால் ஒலிக்கும் னகரம் கோணமலையின் ணகரம் அன்று; அது ணகரத்தின் நிழலாக முளைத்து, ணகரம் நீங்கிய பின் அதன் வீட்டிற் குடியிருக்கும் எழுத்து.

இவ்வளவும் செவியின் பிழைதான். ஆனால் 17ஆம் நூற்றாண்டிற் பத்து வகையாக எழுதப்பட்ட பெயர் 19ஆம் நூற்றாண்டில் ஒரே வகையாக உறைந்தது செவியினால் அன்று. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய இதைக் கைப்பற்றப் பல வல்லரசுகள் போட்டியிட்டன. 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் இதனைப் பிடித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் நாள் இதன் கடலில் இரு கடற்படைகளும் பொருதன. இத்தகைய இடத்தின் பெயர் கடல்வரைபடத்திலும் கப்பற் குறிப்பேட்டிலும் ஒரே விதமாக அமைதல் ஆள்வோரின் தேவையாயிற்று. பிழையாக இருப்பினும் ஒரே பிழையாக இருத்தல் வேண்டும் என்பதே அவர்தம் அக்கறை. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தினரின் தளத்திற் கட்டப்பட்டு நீரிலிறக்கப்பட்ட போர்க்கப்பல் ஒன்றுக்கு இவ்வாங்கிலப் பெயரே சூட்டப்பட்டது. அக்கப்பல் பின்னாளில் தனியாரிடம் விற்கப்பட்டு 'பூத்ரோயான்' என வேறு பெயர் பெற்றது. பழுதுபார்க்கப்பட்டு 1992இல் தன் முதற்பெயரை மீளப் பெற்று இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறையில் நிற்கின்றது. கப்பலின் பெயர் மாறியது முறையன்று என உணர்ந்து அதனைத் திருத்தியவர்களைக் குறைகூற வேண்டியதில்லை. மீட்கப்பட்ட பெயரே ஒரு சிதைவு என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்ளலாம்.

ஆள்வோரால் ஒரு பெயரைச் சரியாக எழுத முடியாதிருந்தது என்று எவரும் கருதுதல் கூடாது. வேண்டிய இடத்து அவர்கள் மிகச் சரியாகவே எழுதினர். சுவாமி மலை உச்சியில், பழைய கோயிலுக்குரிய தூண் ஒன்றில் ஒல்லாந்த மொழியிற் பொறிக்கப்பட்ட நினைவெழுத்து உண்டு. மலபார்த் தாவரங்களைப் பற்றிய பெருநூலாற் புகழ்பெற்ற வான் றேடேயின் குடும்பத்தவரான பிரான்சினா வான் றேடே என்னும் பெண்ணின் நினைவாக 1687ஆம் ஆண்டு ஏப்பிரில் 24ஆம் நாள் அது நிறுத்தப்பட்டது. அவளுடைய பெயர், குடிப்பெயர், உரித்தான ஊர், ஆண்டு, மாதம், நாள் அனைத்தும் அதில் உள்ளன. தூண் எக்கோயிலுக்குரியது என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பிற்காலத்தார் அந்தப் பெண் காதல் தோல்வியால் அம்மலையிலிருந்து கடலிற் பாய்ந்து இறந்தாள் என ஒரு கதை கட்டினர். 'காதலர் பாய்ச்சல்' என்ற பெயரும் அவ்விடத்துக்கு ஏற்பட்டது. 1687க்குப் பின்னரும் அவள் உயிரோடிருந்தமைக்கு ஆவணச் சான்றுண்டு. சுற்றுலாப் பயணிகளுக்குக் கதை சொல்வோர் அச்சான்றைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

இத்தூணுக்குச் சிறிது தொலைவிற் கோட்டை வாயிலில் மற்றொரு கல் இருக்கின்றது. இரட்டைக் கயல் இலச்சினையும் சிதைந்த தமிழெழுத்துகளும் கொண்ட அக்கல்லில் பறங்கி என்னும் சொல் வாசிக்கத்தக்கதாய் உள்ளது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி அழிப்பான் என்னும் தீர்க்கதரிசனமாக மரபு இதற்குப் பொருள் கூறும். ஈண்டு நம் கவனத்துக்குரியது அச்சொல்லே. போர்த்துக்கேயர் பறங்கியர் அல்லர். மேற்கு ஐரோப்பாவின் பிராங்கு மக்களை அரபியரும் பாரசீகரும் குறித்த பெயர் வணிகர் வாய்வழி இந்துமாகடற் கரைகளுக்கு வந்து, தமிழிற் பறங்கியாகி, அவ்வினத்தோடு தொடர்பற்ற போர்த்துக்கேயர் மீது படிந்தது. எனவே தமிழரும் வந்தவன் பெயரைத் தவறாகவே எழுதினர். அத்தவறு கல்லிலும் ஏறியது. ஆனால் அக்கல்லை எடுத்துத் தன் கோட்டைச் சுவரில் வைத்துக் கட்டும் அதிகாரம் தவறாக அழைக்கப்பட்டவனிடமே இருந்தது.

தமிழர் செய்த சிதைவுகளை மறைத்துவிட்டு இவ்வாய்வை நடத்துதல் நேர்மையாகாது. கொலந்தரை ஒல்லாந்தர் ஆக்கினோம். போர்த்துக்கேயரின் படைத்தலைவனைக் குறிக்கும் சொல்லைக் கப்பித்தான் ஆக்கினோம். திருகோணமலை நகரில், ஆங்கிலத்தில் 'ஓர்' என்பாரது குன்று எனப் பொருள்படும் 'ஓர்ஸ் ஹில்' தமிழில் உவர்மலை எனப்படுகின்றது. இரண்டும் ஒலியால் மிக நெருங்கியவை. பொருளால் ஒன்றுக்கொன்று உறவற்றவை. ஒன்று ஒரு துரையின் பெயர், மற்றது உப்புத்தன்மை வாய்ந்த நிலம். நகரத்தார் நாள்தோறும் இவ்விரு பெயர்களையும் இடத்துக்கேற்ப மாற்றி மாற்றி வழங்குகின்றனர்; எவர்க்கும் இடர்ப்பாடு தோன்றுவதில்லை. அவ்வாறே சீனன்குடா, ஆங்கிலத்தில் 'சைனா பே' எனவும் சிங்களத்திற் 'சீன வறாய' எனவும் பெயர்பெறும். அங்குதான் பிரித்தானியக் கடற்படைக்கான எண்ணெய்த் தாங்கிகள் அமைக்கப்பட்டன. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டுவீசியதும் அப்பகுதியிலேயே.

இன்னும் பழைய காலத்துக்குச் சென்றால் நிலைமை மேலும் சுவைமிக்கதாகின்றது. கந்தளாய் என்னும் பெயர், மகாவம்சத்திற் கங்காதட என வரும் குளப்பெயரோடு தொடர்புடையது என்பர். அக்கருத்தை ஏற்பின், நாம் தூய தமிழ்ப்பெயர் எனக் கருதியிருக்கும் ஒன்று பிராகிருதச் சொல்லைத் தமிழ்ச்செவி கேட்ட விதமே ஆகும். சோழர் இப்பிரதேசத்தை ஆண்டபோது பதிவேடு தமிழர் கையில் இருந்தது. அவர்களும் தயங்காது பெயர் சூட்டினர். பொலன்னறுவையைச் சனநாதமங்கலம் ஆக்கினர். திருகோணமலைக்கு வடமேற்கே, பெரியகுளத்தருகே இருந்த வெல்கம் விகாரை என்னும் பௌத்தப் பள்ளிக்கு இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயர் வந்தது. தமிழ்ப் பௌத்தர்கள் நிவந்தங்கள் அளித்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்குக் கிடைத்துள்ளன. பிற்காலத் தமிழ்மக்கள் அதனை நாதனார் கோவில் என்றனர். ஆட்சியாளர் இடப்பெயரை மாற்றுதல் ஐரோப்பியர் கண்டுபிடித்த கலையன்று.

ஆயினும் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. வெல்கம் விகாரைச் சாசனங்கள் புதிய பெயரைக் கூறும்போது பழைய பெயரையும் 'ஆன' என்னும் சொல்லால் இணைத்தே கூறுகின்றன. இன்னதான இன்னது என்பது சோழர் காலச் சாசன எழுத்தரின் வாய்பாடு. அரசனின் பெருமை பெயரில் ஏறிவிட்டது. ஆனால் குடிகள் அறிந்த பெயர் பதிவேட்டை விட்டு வெளியேற்றப்படவில்லை. இதனைச் சோழரின் பெருந்தன்மை என்று புகழ வேண்டியதில்லை. நிலத்தை அளந்து எல்லை குறித்து வரி தண்டுவதற்கு ஊரார் சொல்லும் பெயர் இன்றியமையாதது என்னும் நடைமுறை அறிவே அது. நவீன அரசின் நிலவளவையும் அச்சும் இத்தேவையை நீக்கிவிட்டன. படத்திற் கோடு கிழித்து எண் இட்டபின் ஊராரின் பெயர் தேவையற்றதாயிற்று.

இவ்வேறுபாட்டின் விளைவுகளை 20ஆம் நூற்றாண்டிற் காண்கிறோம். கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றத் திட்டங்கள் நிறைவேற்றப்பட்டன. 1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மாவட்ட மக்களுள் நூற்றுக்கு ஐவருக்குங் குறைவாயிருந்த சிங்களவர், 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேலாயினர். மக்கள் இடம்பெயர்ந்து வருதல் வரலாற்றில் இயல்பே. நிலமற்ற சிங்கள விவசாயி நிலந்தேடி வந்தமைக்காக அவனைப் பகைவனாகக் கொள்ளுதல் வரலாற்று நோக்காகாது. நம் ஆய்வுக்குரியது, குடியேற்றத்தோடு பெயர்ப்பலகைகளும் குடியேறியமையே. முதலிக்குளம் மொறவெவ ஆயிற்று. குமரேசன்கடவை எனத் தமிழர் கூறும் இடம் கோமரங்கடவல என நிருவாகப் பிரிவின் பெயராயிற்று. இலங்கைத்துறை முகத்துவாரம் பிற்காலத்தில் லங்காபட்டுன ஆயிற்று. இவற்றுட் சிலவற்றுக்குச் சிங்கள அறிஞர் தாம் கூறும் வடிவமே மூத்தது என வாதிடுவர். அவ்வாதங்களை ஒவ்வொன்றாகக் கல்வெட்டுச் சான்றுடன் ஆராய்தல் வேண்டும். உணர்ச்சியால் மறுத்தல் ஆகாது. ஆனால் எது மூத்தது என்னும் வினாவுக்கு விடை எதுவாயினும், அங்கு வாழ்ந்த மக்களிடம் கேளாமலே பலகை மாற்றப்பட்டது என்னும் உண்மை மாறுவதில்லை. பலகையில் 'ஆன' என்னும் சொல்லுக்கு இடம் இருக்கவில்லை.

ஊர்ப்பெயரிலிருந்து மக்கட்பெயருக்கு வருவோம். இங்கும் ஒலியியற் காரணம் உண்டு. தமிழெழுத்தில் ககரம் ஒன்றே; அது இடத்துக்கேற்ப வல்லொலியாகவும் மெலிந்தும் ஒலிக்கும். சிங்கள நெடுங்கணக்கில் இவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உள. எனவே கணேசன் என்பதை எழுத முற்படும் சிங்கள இலிகிதர் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேண்டும். அவருடைய தெரிவு பின்னர் ஆங்கிலத்துக்குச் செல்கின்றது. ஆங்கிலத்திலிருந்து சிலவேளை மீண்டும் தமிழுக்கே வருகின்றது. ஒவ்வொரு கடவையிலும் ஓரெழுத்துச் சுங்கமாக வசூலிக்கப்படுகின்றது. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் மக்களுக்கு இத்துன்பம் இரட்டிப்பானது. அறபுப் பெயர் தமிழெழுத்தில் முகம்மது, முஹம்மது, முகமது எனப் பலவாறு எழுதப்பட்டு, பின் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் செல்கின்றது. லெப்பை என்னும் சொல் கிழக்கு மாகாணப் பேச்சில் லெவ்வை ஆகி, அவ்வடிவிலேயே பலரது பெயரில் நிலைத்துவிட்டது. ஒரே குடும்பத்துச் சகோதரர் இருவர் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களில் வாழ்தல் அங்கு வியப்பன்று.

முதலெழுத்து முறை மற்றொரு சிக்கல். தமிழரிற் பெரும்பாலானோர்க்குக் குடும்பப்பெயர் என்பது இல்லை; தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கும். படிவத்தில் 'குடும்பப்பெயர்' என்னும் கட்டம் இருப்பின் அதில் தந்தையின் பெயர் எழுதப்படும். இதனாற் புலம்பெயர்ந்த நாடுகளில் மகனைத் தந்தையின் பெயராலேயே அழைக்கின்றனர். உயிரோடிருக்கும் ஒருவர், இறந்துபோன தம் தந்தையின் பெயருக்கு வைத்தியசாலையில் எழுந்து நிற்க வேண்டியவராகிறார். திருமணமான பெண்ணுக்கோ தந்தையின் எழுத்து நீங்கிக் கணவனின் எழுத்து ஏறுகின்றது. அவளுடைய சான்றிதழ்கள் ஒரு பெயரிலும் வாழ்க்கை மற்றொரு பெயரிலும் அமைகின்றன. அவள் பெயரை இவ்வாறு மாற்றிக்கொண்டிருப்பதில் அந்நிய ஆட்சிக்கு மட்டுமன்றி நம் சொந்தச் சமூக அமைப்புக்கும் பொறுப்புண்டு என்பதை முற்போக்கு ஆய்வாளர் மறந்துவிடுதல் ஆகாது.

முதலெழுத்து சிலவேளை ஊரையும் சுமந்து சென்றது. திருகோணமலை தந்த தமிழறிஞர் தி.த. கனகசுந்தரம்பிள்ளையும், 1895இல் 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவலை வெளியிட்ட அவர் தம்பி தி.த. சரவணமுத்துப்பிள்ளையும் சென்னையில் வாழ்ந்து பணியாற்றியவர்கள். அவர்கள் பெயர்முன் நின்ற 'தி' ஊரைச் சுட்டியது. 'த' தந்தையார் தம்பிமுத்துப்பிள்ளையைச் சுட்டியது. ஆங்கிலத்தில் எழுதுங்கால் இரண்டும் ஒரே எழுத்தாகி ரி.ரி. என நின்றன. ஊரும் தந்தையும் வேறுபாடின்றி ஒன்றில் மறைந்தன. மோகனாங்கியைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் எனக் குறிப்போர் பலர் அதன் ஆசிரியரின் ஊரைக் குறிப்பதில்லை.

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின் இச்சிக்கல் புதியதொரு பரிமாணம் பெற்றது. தன் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதையே வாசித்தறிய முடியாத ஆவணங்களிற் கையெழுத்திடும் நிலை ஒரு தலைமுறைக்கு ஏற்பட்டது. 1958ஆம் ஆண்டின் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டமும், 1987ஆம் ஆண்டின் 13ஆம், 1988ஆம் ஆண்டின் 16ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களும் தாளில் இந்நிலையை மாற்றின. கச்சேரி மேசைக்கு அம்மாற்றம் மெதுவாகவே வந்தது. தேசிய அடையாள அட்டை 1972 முதல் வழங்கப்பட்டது. வடக்குக் கிழக்குக்கு வெளியே அது நெடுங்காலம் சிங்களத்தில் மட்டுமே அமைந்திருந்தது. இரு மொழிகளும் நாடு முழுவதற்கும் பொதுவானது 2014இல். இடைப்பட்ட போர்க்காலத்தில், பெயரில் ஓரெழுத்துப் பிழை சோதனைச் சாவடியில் என்ன பொருள் தந்தது என்பதைத் திருகோணமலையார்க்கு விளக்க வேண்டியதில்லை. அட்டையில் ஒரு பெயரும் பொலிஸ் பதிவில் வேறொரு பெயரும் இருந்தவன் தான் தானே என்பதை நிறுவும் வரை அங்கேயே நிறுத்தப்பட்டான்.

திருத்துதல் எளிதெனவும் கருதற்க. திருவனந்தபுரம் 1991இல் தன் முழுப்பெயரை ஆங்கிலத்திலும் மீட்டுக்கொண்டது. சிதைவு ஏற்பட்ட முறையில் அது திருகோணமலைக்கு மிக நெருங்கிய உறவினர். அங்கும் 'திரு' 'திரி' ஆகி, நடுவெழுத்துகள் விழுங்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டு அரசு 2020ஆம் ஆண்டு யூன் மாதத்தில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. புதிய எழுத்துக்கூட்டல்கள் சில பழையவற்றினும் விந்தையாக அமைந்தன என்ற கண்டனத்தால் சில நாள்களுக்குள் அதனை மீளப் பெற்றது. இலங்கையோ 1972இல் நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டது. துறைமுகத்தின் ஆங்கிலப் பெயரை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் விட்ட இடத்திலேயே விட்டுவிட்டது. மாலுமியின் வரைபடத்தில் அவ்வடிவம் நிலைத்திருப்பது குறித்து இக்கட்டுரையாளருக்குப் பெருங்கவலை இல்லை. உவர்மலையில் வாழ்பவன் ஓர்ஸ் ஹில்லிலும் வாழலாம். கவலைக்குரியது காணிப் பதிவேடு.

2004 திசெம்பர் 26ஆம் நாள் கடற்கோள் திருகோணமலைக் கரையோரத்தாரின் ஆவணங்களையும் கொண்டுசென்றது. 2006இல் மூதூர் கிழக்கிற் போர் மூண்டபோது சம்பூர் மக்கள் வெளியேறினர். 2015ஆம், 2016ஆம் ஆண்டுகளிற் காணிகள் விடுவிக்கப்பட்டு அவர்கள் மீண்டபோது, தம் நிலம் தமதே என எழுத்தில் நிறுவ வேண்டியிருந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஓரெழுத்து, பாடசாலை விடுகைப் பத்திரத்தில் வேறெழுத்து, பாட்டனார் பெயரிலான காணி உறுதியில் மூன்றாவது எழுத்து என்றிருப்பவர்க்கு இழப்பீடும் உரிமையும் அவ்வெழுத்துகளின் இடைவெளியில் வீழ்ந்துவிடக்கூடும். இதற்குப் பரிகாரமாக இலங்கையில் வழக்கிலுள்ளது சத்தியக்கடதாசி. இரண்டோ மூன்றோ பெயர்களையும் வரிசையாக எழுதி, அவையனைத்தும் தன்னையே குறிப்பன எனச் சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியஞ்செய்து ஒப்பமிடல் வேண்டும். பிழை எழுதிய இலிகிதர் அதில் ஒப்பமிடுவதில்லை. வெல்கம் விகாரைக் கல்லில் அரசின் எழுத்தன் செதுக்கிய 'ஆன' என்னும் சொல்லை, இன்று குடிமகன் தன் செலவில் முத்திரை ஒட்டி எழுதுவித்துக் கச்சேரிக்குக் கொண்டுசெல்கிறான்.